ஒரு திரையில் இரு படங்கள்

முப்பரிமாணத் திரைப்படம் ஓடிக்கொண்டிருக்கையில், கொட்டகையார் கொடுத்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை நோக்குவோர், அங்கே தெளிவற்ற காட்சி ஒன்றையே காண்பர். உருவங்களின் ஓரங்கள் இரட்டித்து, ஈரத்தில் ஊறிய சித்திரம்போல் கலங்கியிருக்கும். கண்ணாடியை மீண்டும் அணிந்ததும் அக்கலக்கம் நீங்கும். முன்னிற்பது முன்னும் பின்னிற்பது பின்னுமாக அமைந்துவிடும். திரையில் விழுவது ஒரு படமன்று, இரு படங்கள் என்பதும், அவற்றைப் பிரித்து இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாக வழங்குவது அந்த எளிய கண்ணாடியே என்பதும் இதனால் விளங்கும்.

இவ்வித்தை கணிப்பொறிக் காலத்துப் புதுமை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். டிஜிட்டல் புரொஜெக்டர் இதில் ஆற்றிய பணி பெரிதுதான். ஆயினும் அது ஒன்றே ஒன்று. இரு படங்களையும் ஒரே கருவி, நொடிப்பொழுதின் சிறு கூறும் தவறாமல், மாற்றி மாற்றி எறியுமாறு அது செய்தது. ஏனையவையெல்லாம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டு அறிஞர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த செல்வம். அவர்களிற் பெரும்பாலோர் திரையையோ கொட்டகையையோ கனவிலும் கருதியவரல்லர். தமிழ்க் குடும்பத்தில் கல்கத்தாவில் பிறந்து, பெங்களூரில் ஆராய்ந்த இளைஞர் ஒருவரும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றார். அந்த வரலாற்றை முறையாகக் காண்போம்.

நமக்கு இரு கண்கள் இருப்பதன் பயன் யாது? இந்த வினாவைச் செவ்வையாக எழுப்பியவர் லண்டனில் வாழ்ந்த சார்லஸ் வீட்ஸ்டன். நம் கண்கள் இரண்டும் ஏறக்குறைய இரண்டரை அங்குல இடைவெளியில் அமைந்துள்ளன. ஆகவே அருகிலுள்ள ஒரு பொருளை இரண்டும் சற்றே வெவ்வேறு கோணங்களிற் காண்கின்றன. இவ்வேற்றுமையைக் கொண்டே மூளை அப்பொருளின் ஆழத்தையும் தொலைவையும் உணர்ந்துகொள்கிறது என்று 1838-ஆம் ஆண்டு அவர் ராயல் சங்கத்தாருக்கு விளக்கிக் காட்டினார். அதற்கு அவர் அமைத்த கருவி மிக எளியது. இரு கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கோட்டுப்படம் வைத்தார். இடக்கண் காண வேண்டிய படத்தை இடக்கண்ணும், வலக்கண் காண வேண்டியதை வலக்கண்ணும் கண்டன. தட்டையான கோடுகள் திரண்ட உருவமாக எழுந்து நின்றன. இதுவே ஸ்டீரியோஸ்கோப் என வழங்குவது.

ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் புரூஸ்டர், 1849-இல், அதனை வில்லைகள் பொருத்திய கைப்பெட்டியாக அமைத்தார். 1851-இல் லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த பெரும் பொருட்காட்சியில் விக்டோரியா மகாராணியார் அதனை விரும்பிப் பார்த்த பின்னர், அது வீடுதோறும் புகுந்தது. ஆயினும் ஒரு பெட்டியில் ஒருவர்தாம் காணலாம். அவையிற் கூடிய நூற்றுக்கணக்கானோர் ஒரே திரையைப் பார்க்கும்போது, ஒவ்வொருவரின் இரு கண்களுக்கும் இரு வேறு படங்களை எவ்வாறு அளப்பது? இடப்படத்தைச் சிவப்பிலும் வலப்படத்தைப் பச்சையிலோ நீலத்திலோ காட்டி, அவ்வண்ணக் கண்ணாடிகளை அணியச் செய்வது ஒரு வழி. அவ்வழி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே கண்டறியப்பட்டது. ஆனால் படத்தின் இயல்பான நிறத்தை அது பறித்துவிடும். நிறத்துக்கு ஊறு செய்யாமல் ஒளியைப் பிரிக்கும் அடையாளம் வேறு வேண்டியிருந்தது. அவ்வடையாளம் ஒளிக்குள்ளேயே மறைந்திருந்தது.

கிணற்று வடம் ஒன்றின் முனையைப் பிடித்து உதறினால், அலை அவ்வடத்தின் வழியே ஓடும். வடமோ மேலும் கீழுமாகவோ, பக்கவாட்டிலோ, சாய்வாகவோ ஆடும். ஒளியும் அத்தகையதே. அது முன்னோக்கிச் செல்கையில் அதன் அதிர்வு செல்லும் திசைக்குக் குறுக்கே நிகழ்கிறது. கதிரவன் ஒளியிலும் விளக்கொளியிலும் அவ்வதிர்வு எல்லாத் திசைகளிலும் கலந்து கிடக்கும். அவ்வடத்தைச் செங்குத்தான சன்னற் கம்பிகளின் இடையே நுழைத்து உதறினால், மேல்கீழ் ஆட்டம் மட்டுமே அப்பாற் செல்லும்; பக்கவாட்டு ஆட்டம் கம்பியில் தட்டி நின்றுவிடும். அவ்வாறே ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விட்டு, மற்றதைத் தடுத்துவிட்டால் கிடைப்பது தளவிளைவுற்ற ஒளி. இதனை ஆங்கிலேயர் போலரைசேஷன் என்பர். நம் வெறுங்கண்ணுக்கு இவ்வொளிக்கும் பிற ஒளிக்கும் வேற்றுமை தெரியாது; நிறமும் மாறாது. நிறம் மாறாமல் பிரிக்கவல்ல அடையாளம் என்று நாம் கூறியது இதுவே.

இதன் முதற் குறிப்பு 1669-இல் டென்மார்க்கில் கிடைத்தது. எராஸ்மஸ் பார்த்தோலின் என்பவர் ஐஸ்லாந்துத் தீவிலிருந்து வந்த தெளிந்த படிகக் கல் ஒன்றை எழுத்தின்மேல் வைத்து நோக்கினார். எழுத்துக்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒரு கதிர் அக்கல்லில் நுழைந்து இரு கதிராகப் பிரிந்ததே இதன் காரணம். இதனை ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் 1690-இல் வெளியிட்ட ஒளிநூலில் விரிவாக ஆராய்ந்தார். எனினும் பிரிந்த இரு கதிர்களுக்கும் இயல்பில் என்ன வேறுபாடு என்னும் முடிச்சு அவிழவில்லை.

அதன்பின் நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பிற் சென்று திரும்பிய பொறியாளர் எத்தியேன் லூயி மாலூஸ், 1808-இல் பாரிஸ் நகரத்துத் தம் இல்லத்திலிருந்து, எதிரே லக்ஸம்பர்க் மாளிகையின் சன்னற் கண்ணாடிகளில் மாலைக் கதிரவன் ஒளிர்வதைத் தம் கையிலிருந்த படிகத்தின் வழியே நோக்கினார். இரு பிம்பங்கள் சம ஒளியுடன் தோன்றுமென எதிர்பார்த்தார். படிகத்தைச் சுழற்றியபோதோ ஒன்று மங்கி மற்றொன்று ஓங்கியது. மேலும் சுழற்ற, மங்கியது ஓங்கி, ஓங்கியது மங்கியது. கண்ணாடியிற் பட்டுத் திரும்பும் ஒளியிலும் இவ்வியல்பு உண்டு, படிகத்துக்கு மட்டும் உரியதன்று, என்பது புலனாயிற்று. தளவிளைவு ஒளி இரண்டாவது வடியைக் கடக்கையில், அவ்விரு வடிகளின் கோணத்தைப் பொறுத்து எவ்வளவு எஞ்சும் என்னும் கணக்கையும் அவர் வகுத்தார். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஒளி செல்லும். செங்குறுக்காக நின்றால் இருளே மிஞ்சும். மாலூஸ் 1812-இல், முப்பத்தாறு வயதில் மறைந்தார். முப்பரிமாணப் படம் காண்போரின் ஒவ்வொரு கண்ணாடிச் சில்லும் அவர் வகுத்த கணக்கின்படியே இயங்குகிறது.

1820-களில் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல், ஒளியின் அதிர்வு குறுக்கானது என்பதை நிலைநாட்டினார். மேலும் ஒரு நுட்பத்தையும் அவர் கண்டார். ஒளியதிர்வு ஒரே கோட்டில் நிற்காமல், திருகாணியின் புரிபோல் சுழன்று செல்வதும் உண்டு. சுழற்சி வலஞ்சுழியாகவும் இருக்கலாம், இடஞ்சுழியாகவும் இருக்கலாம். இதற்கு வட்டத் தளவிளைவு என்று பெயர். இச்செய்தி கொட்டகைக்குள் வந்து பயன்படுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

இனி இரு படங்களைப் பிரிக்கும் வழி தெளிவு. இடப்படத்தை ஒரு திசை ஒளியாலும், வலப்படத்தை அதற்குச் செங்குறுக்கான திசை ஒளியாலும் எறிய வேண்டும். பார்ப்போர் அணியும் கண்ணாடியின் இரு சில்லுகளையும் அவ்வாறே குறுக்காக அமைக்க வேண்டும். ஒவ்வொரு சில்லும் தன் படத்தை ஏற்று, அயற்படத்தை இருளாக்கிவிடும். இக்கருத்தை 1890-களிலேயே இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஜான் ஆண்டர்ட்டன் காப்புரிமை பெற்று வெளியிட்டார். ஆனால் ஒளியை வடிக்க அன்று கிடைத்தவை விலையுயர்ந்த படிகங்களும் அடுக்கிய கண்ணாடித் தகடுகளுமே. அவையோர் அனைவருக்கும் அவற்றால் மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பது எவராலும் இயலாத காரியமாயிற்று.

இத்தடையை நீக்கும் வழி, யாரும் எதிர்பாராத இடத்தில் பிறந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் வில்லியம் பேர்டு ஹெராபாத் என்பாரின் மாணவர் ஒருவர், கொயினா மருந்து ஊட்டப்பெற்ற நாயின் சிறுநீரில் அயோடின் துளிகளை விட்டபோது, பச்சை நிறத்தில் மின்னும் நுண்ணிய ஊசிப் படிகங்கள் தோன்றின. ஹெராபாத் அவற்றை நுண்பெருக்கியில் நோக்கினார். ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்த இடங்கள் கருத்திருந்தன. அவை தளவிளைவு வடிகள் என்பதை அவர் உணர்ந்து, 1852-இல் அறிவித்தார். படிகங்கள் மிகச் சிறியன, தொட்டால் நொறுங்குவன. பெரிதாக வளர்க்க அவர் பெரிதும் முயன்றும் பயன் அற்பமே.

அமெரிக்காவின் எட்வின் லாண்டு இக்கதையைப் புரூஸ்டர் எழுதிய நூலொன்றின் வாயிலாக அறிந்தார். 1926-இல் தம் பதினேழாம் வயதில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், சில திங்களிலேயே படிப்பை விட்டு நியூயார்க் சென்று ஆராய்ச்சியில் மூழ்கினார். இரவில் எதிரே வரும் மோட்டார் வண்டிகளின் விளக்கொளி ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்வதைத் தடுக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஒரு பெரிய படிகத்தை வளர்க்க ஏன் பாடுபட வேண்டும்? கோடிக்கணக்கான சிறு படிகங்களை ஒரே திசையில் படுக்கவைத்தால் ஒரு பெரும் படிகத்தின் வேலையை அவை செய்யுமன்றோ? இவ்வெண்ணத்தால் அவர் நுண்ணூசிகளைப் பிசின்போன்ற பொருளிற் கலந்து, ஒருமுகமாக வரிசைப்படுத்தி, மெல்லிய தாளாக வார்த்தார். 1929-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1938-இல் படிகமும் வேண்டாது போயிற்று. பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பிளாஸ்டிக் தாளை இழுத்து நீட்டி அயோடினில் தோய்த்தாலே போதும் என்று கண்டார். நீட்டிய தாளில் மூலக்கூறுகள் நெசவுப் பாவின் இழைபோல் ஒரு திசையில் நிற்கும். மலிவான, இலேசான, கையால் கத்தரிக்கக்கூடிய வடி உலகுக்குக் கிட்டியது. மோட்டார் தொழிலதிபர்கள் அவருடைய விளக்குத் திட்டத்தை ஏற்கவில்லை. ஆனால் அத்தாள் வெயிற் கண்ணாடியாகவும், திரைப்படக் கண்ணாடியாகவும் உலகெங்கும் பரவியது.

திரையைப் பற்றியும் இங்கே ஒரு சொல். சாதாரண வெண்திரையின் பூச்சுக்குள் நுழையும் ஒளி, பலமுறை சிதறித் திரும்புகையில், தன் அதிர்வுத் திசையை இழந்துவிடும். பிரித்து அனுப்பிய இரு படங்களும் மீண்டும் கலந்துவிடும். உலோகப் பூச்சோ ஒளியின் திசையைக் கெடுக்காமல் திருப்பும். ஆதலின் அலுமினியத் துகள் பூசிய திரை இம்முறைக்கு இன்றியமையாதது. வழக்கில் அதனை வெள்ளித்திரை என்பர்.

1939-இல் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சியில், கிரைஸ்லர் மோட்டார் நிறுவனத்தின் கூடத்தில், ஜான் நார்லிங் தயாரித்த முப்பரிமாணக் குறும்படத்தைத் திரளான மக்கள் தளவிளைவுக் கண்ணாடி அணிந்து கண்டனர். பின்பு போர் வந்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில் தொலைக்காட்சி வீடுகளிற் புகுந்து அமெரிக்கத் திரையரங்குகளைக் காலியாக்கிற்று. மக்களை மீண்டும் அழைக்க வழி தேடிய ஹாலிவுட், 1952 நவம்பரில் ஆர்ச் ஓபோலர் எடுத்த ‘புவானா டெவில்’ படத்தின் வெற்றியைக் கண்டு இம்முறையைப் பற்றிக்கொண்டது. 1953-இல் வெளிவந்த ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ அக்காலத்தின் பெரும்புகழ் பெற்ற முப்பரிமாணப் படம். அதனை இயக்கிய ஆந்திரே டி டாத் ஒரு கண்ணில் பார்வையில்லாதவர். ஆழத்தைக் காட்டும் படத்தை எடுத்துக் கொடுத்தவர், அந்த ஆழத்தைத் தாம் கண்டறியார்.

அவ்வலை இரண்டே ஆண்டுகளில் ஏன் அடங்கிற்று? இரு படச்சுருள்கள், இரு புரொஜெக்டர்கள், இரண்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒருசேர ஓட வேண்டும். ஒரு சுருள் அறுந்து அதில் சில கட்டங்கள் வெட்டி ஒட்டப்பட்டால், மற்றதிலும் அதே கட்டங்களை வெட்டியாக வேண்டும். தவறினால், இடக்கண் காண்பது ஒரு கணம், வலக்கண் காண்பது மறு கணம் என்றாகும். ஒரு கட்டத்தின் பிசகு ஒரு நொடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கே. ஆயினும் கண்ணுக்கு அது வேதனை. ஒரு விளக்கு மற்றதினும் மங்கினாலும், ஒரு படம் சற்றே மேலேறி விழுந்தாலும் அதே துன்பம். பார்ப்போர் தலைவலியுடன் வெளியேறினர். பழியைக் கண்ணாடி சுமந்தது; குற்றமோ பெரும்பாலும் படம் ஓட்டும் அறையில் இருந்தது. 1953-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே, கண்ணாடி வேண்டாத அகன்ற திரையாகிய சினிமாஸ்கோப் வந்து மக்களைத் தன்பால் இழுத்துக்கொண்டது.

பின்னர் இரு படங்களையும் ஒரே சுருளில் அடக்கும் முறைகள் பெருகின. ஒரு புரொஜெக்டரே போதுமென்றாயிற்று. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் 1984-இல் கேரளத்திற் பிறந்தது. நவோதயா அப்பச்சன் தயாரிக்க, ஜிஜோ இயக்கிய ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் அம்மலையாளப் படத்துக்கு இசையமைத்தவர் இளையராஜா. மறு ஆண்டு விஜயகாந்த் நடித்த ‘அன்னை பூமி’ தமிழிலும், ‘சிவா கா இன்சாஃப்’ இந்தியிலும் வந்தன. எனினும் ஒரு சுருளின் கட்டத்தை இருவருக்குப் பங்கிட்டபோது ஒவ்வொரு படமும் சிறுத்தது. ஒளியும் தெளிவும் குறைந்தன. இவ்வலையும் வடிந்தது.

இந்நிலையிலேதான் டிஜிட்டல் புரொஜெக்டர் வந்தது. அதன் இதயம், அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்த நுண்ணாடிச் சில்லு. கொட்டகைகளிற் பரவிய ‘2கே’ வகையில் 2048 வரிசையும் 1080 நிரையுமாக, இருபத்திரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய ஆடிகள் ஒரு சில்லில் அமைந்துள்ளன. ஒவ்வோர் ஆடியும் ஒரு படப்புள்ளி. ஆடி ஒருபுறம் சாய்ந்தால் ஒளி திரைக்குச் செல்லும். மறுபுறம் சாய்ந்தால் செல்லாது. ஒரு நொடியில் அவை பல்லாயிரம் முறை சாயவல்லன. அறுந்து ஒட்டும் சுருளும் இல்லை; இழுத்து நிறுத்தும் பற்சக்கரமும் இல்லை.

இவ்வேகமே பழைய முடிச்சை அவிழ்த்தது. ஒரே கருவி இடப்படத்தை ஒரு கணமும் வலப்படத்தை மறு கணமுமாக எறிகிறது. திரைப்படத்துக்கு நொடிக்கு 24 கட்டங்கள். இரு கண்களுக்கும் 48. மாறிமாறி வருவது துடிப்பாகத் தெரியாதிருக்க, ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று முறை காட்டுகின்றனர். ஆக நொடிக்கு 144 படங்கள். புரொஜெக்டரின் வில்லைக்கு முன்னே திரவப் படிகத்தாலான ஒரு பலகணி நிற்கிறது. மின்னழுத்தம் மாறுந்தோறும் அது தன்வழிச் செல்லும் ஒளியை ஒரு கணம் வலஞ்சுழியாகவும் மறு கணம் இடஞ்சுழியாகவும் மாற்றுகிறது. ஆடிகள் படத்தை மாற்றும் அதே கணத்தில் பலகணியும் மாறுகிறது. இவ்வமைப்பை ரியல்-டி நிறுவனம் பரப்பியது. 2005 நவம்பரில் டிஸ்னியின் ‘சிக்கன் லிட்டில்’ இவ்வகையில் வெளிவந்தது. 2009 டிசம்பரில் வந்த ‘அவதார்’ உலகெங்கும் கொட்டகைகளை இம்முறைக்கு மாறச் செய்தது. மின்பலகணிக்கு மாறாகச் சுழலும் வடிச்சக்கரத்தை வைப்போரும், இரு படங்களையும் ஒருங்கே இரு வில்லைகள் வழியே எறிவோரும் உண்டு. தளவிளைவை விடுத்து வேறு முறைகளைக் கையாள்வோரும் உண்டு.

நேர்கோட்டுத் தளவிளைவை விட்டு வட்டத்தை ஏன் தேர்ந்தனர்? நேர்கோட்டு முறையில், பார்ப்பவர் அயர்ந்து அடுத்தவர் தோளிற் சாய்ந்தால், அவருடைய கண்ணாடிச் சில்லும் சாய்ந்துவிடும். மாலூஸின் கணக்குப்படி அயற்படம் கசிந்து உள்ளே புகும். சுழலும் ஒளிக்கோ தலையின் சாய்வு ஒரு பொருட்டன்று. ஆனால் திரையிற் பட்டுத் திரும்புகையில் சுழற்சி தலைகீழாகும். வலம்புரிச் சங்கை முகம் பார்க்கும் கண்ணாடியிற் காட்டினால் இடம்புரியாகத் தெரிவது போன்றதே இது. இம்மாற்றத்தையும் கணக்கிற் கொண்டே கண்ணாடிகளை அமைக்கின்றனர்.

வட்டத் தளவிளைவில் வேறோர் இடர் உண்டு. அதைத் தீர்த்த வரலாற்றிலேதான் நம்மவர் ஒருவரைச் சந்திக்கின்றோம். நேர்கோட்டு ஒளியைச் சுழலும் ஒளியாக்குவது கால் அலைத் தகடு எனப்படும். ஒளியின் இரு கூறுகளுள் ஒன்றை மற்றதினும் ஓர் அலையின் காற்பங்கு அது தாமதப்படுத்தும். ஆனால் சிவப்பின் அலை நீண்டது, நீலத்தின் அலை குறுகியது. பச்சைக்குச் சரியாக அளந்த தகடு நீலத்துக்கு மிகும், சிவப்புக்குக் குறையும். வெள்ளொளியில் எல்லா நிறங்களும் உள. ஆகவே ஒற்றைத் தகடு சில நிறங்களைக் கசியவிடும். இவ்விடரை 1955-இல் ஆராய்ந்தவர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். 1934-இல் கல்கத்தாவில் பிறந்த இவர், சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். பெங்களூரில் இராமன் ஆராய்ச்சிக் கழகத்திற் பணியாற்றியபோது, ஒரே பொருளாலான மூன்று தகடுகளைத் தக்க கோணங்களில் அடுக்கினால், ஒன்றன் பிழையை மற்றொன்று ஈடுசெய்யும், எல்லா நிறங்களுக்கும் ஏறக்குறையச் சரியான தகடு கிடைக்கும் என்று காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. கட்டுரைகள் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தன. ஒளியியல் நூல்களில் அவ்வடுக்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1956-இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை, தளவிளைவு ஒளி தன் நிலையைப் படிப்படியாக மாற்றித் தொடங்கிய நிலைக்கே திரும்பும்போது, சென்ற வழியைப் பொறுத்த ஒரு மாறுதல் அதில் எஞ்சி நிற்கும் என்று கூறிற்று. அன்று அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1984-இல் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி இதுபோன்ற உண்மையைக் குவாண்டம் இயலில் வெளியிட்டார். 1986-இல் எஸ். இராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் பஞ்சரத்தினத்தின் முன்னோடிப் பணியை எடுத்துக்காட்ட, பெர்ரியும் அதனை உவந்து ஏற்றுப் போற்றினார். பஞ்சரத்தினமோ 1969-இலேயே, முப்பத்தைந்தாம் வயதில், ஆக்ஸ்போர்டில் மறைந்திருந்தார். பிறந்த ஊர் ஒன்று, உழைத்த ஊர் ஒன்று, முடிந்த ஊர் ஒன்று. வெளி மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

இத்தனை அறிவும் ஒருங்கு சேர்ந்த பின்னரும், தீராத கடன் ஒன்று நிற்கிறது. அது ஒளியின் கடன். ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் வடி, பத்துப் பங்கு ஒளியில் ஐந்துக்கும் குறைவையே விடுகிறது. எஞ்சியதையும் இரு கண்களும் முறைவைத்துப் பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதிற் பாதி. பலகணியும் மூக்குக் கண்ணாடியும் தத்தம் பங்கை விழுங்கிய பின், பத்தில் இரண்டும் கண்ணை எட்டுவதில்லை. சாதாரணப் படத்துக்குத் திரையின் ஒளியளவு 14 அடி-லாம்பர்ட் என்பது நியமம். முப்பரிமாணப் படத்துக்கு நாலரை அளவே பலவிடத்தும் போதுமெனக் கொள்ளப்பட்டது. வீணாகும் மறுபாதி ஒளியை முப்பட்டகத்தாற் பிரித்து, அதன் அதிர்வுத் திசையைத் திருப்பி, திரையில் மீண்டும் சேர்க்கும் அமைப்பு பின்னர் வந்தது. அதனால் வெளிச்சம் ஏறத்தாழ இரட்டித்தது. லேசர் விளக்குகளும் கைகொடுத்தன. வெள்ளித்திரை ஒளியைக் கூட்டித் தரும். ஆனால் நடுவில் அமர்ந்தோருக்கு மிகுதியாகவும், ஓரத்தில் அமர்ந்தோருக்குக் குறைவாகவும் தரும்.

கண்ணின் கடனும் ஒன்று உண்டு. இயற்கையில், அருகிலுள்ள பொருளை நோக்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும். கண்ணின் வில்லையும் அத்தொலைவுக்கே குவியும். திரையரங்கிலோ கண்கள் மாயப் பொருளின் தொலைவுக்குத் திரும்ப, வில்லை திரையின் தொலைவிலேயே குவிந்து நிற்க வேண்டியுள்ளது. இம்முரண்பாடு நெடுநேரம் நீடித்தால் களைப்பு உண்டாகும். இதனை எந்தப் புரொஜெக்டரும் தீர்க்கவில்லை. ஆழத்தை அளவோடு காட்டும் இயக்குநரின் நிதானம் ஒன்றே இதற்கு மருந்து. ஆகவே முப்பரிமாணப் படம் கண்டு தலைவலி கொண்ட முதியோரையும், தமக்கு ஆழமே தெரியவில்லை என்போரையும் நாம் எள்ளி நகைத்தல் தகாது. அவர்கள் கூறுவது மெய். இரு கண்களின் பார்வை ஒன்றுபடாதவர்க்கு இவ்வித்தை பலிப்பதில்லை; சிறுவரிடத்தில் அது ஒரு குறையின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ஒரு குழந்தை திரும்பத் திரும்ப அவ்வாறு கூறுமாயின், கண் மருத்துவரிடம் காட்டுவது நலம்.

நாம் கூறியவற்றுள் ஒன்றையேனும் நேயர்கள் தாமே சோதித்தறியலாம். வட்டத் தளவிளைவுக் கண்ணாடி ஒன்று வீட்டில் இருக்குமானால், அதனை அணிந்து நிலைக்கண்ணாடியின் எதிரே நின்று, இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் நோக்குக. திறந்திருக்கும் வலக்கண்ணின் சில்லு கருத்து மறைந்துவிடும். மூடியிருக்கும் இடக்கண்ணோ தெளிவாகத் தெரியும். வலச்சில்லிலிருந்து சென்ற சுழலொளி நிலைக்கண்ணாடியிற் பட்டுத் தலைகீழாகத் திரும்புவதால், அதே சில்லு அதனை ஏற்க மறுக்கிறது. அயற்சில்லின் ஒளியை ஏற்கிறது. வெள்ளித்திரையில் ஒவ்வொரு கணமும் நிகழ்வது இம்மாற்றமே. குழந்தைகளையும் அருகழைத்து இதைக் காட்டி, மாலூஸ், பிரெனெல் என்னும் பெயர்களோடு பஞ்சரத்தினத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வோமாக.